சுவருக்குப் போட்ட பந்தல்

ஒக்டோபர் 19, சனி

இன்று புதுக் கட்டடத்தின் தரையைப் பார்க்கப் போனோம். கொங்கிறீற் நன்றாக இறுகிவிட்டது. இவர் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் அதில் ஏறினார். குளிருமே என்றேன். "முதல் தரம் மிதிக்கிறன், சப்பாத்தோட மிதிக்கேலாது" என்றார்.

நிலம் ஏஜாக்ஸில் இருக்கிறது. ஸ்காபரோவில் நாங்கள் நடத்தும் சாப்பாட்டுக் கடை இத்தனை வருடமும் வாடகை இடத்தில்தான் ஓடியது. அந்த இடத்தைப் பெப்ரவரியிலிருந்து ஒரு பல் வைத்தியருக்குக் கொடுத்துவிட்டார்கள். ஜனவரி முடிவதற்குள் இடியப்ப உரல் தொடக்கம் கொத்துரொட்டித் தட்டு வரை எல்லாம் இங்கே வந்துவிட வேண்டும். வராவிட்டால் கடை இல்லை. சமையல்காரர்களும் வேறு இடம் பார்த்துப் போய்விடுவார்கள்.

ஜூலையில் அத்திவாரம் தோண்டுவதாகத்தான் முதலில் பேச்சு. ஆடி மாதத்தில் வேண்டாம் என்று ஒரு கதை வந்தது. ஆவணியில் நாள் பார்த்தோம், அன்று மழை. அடுத்த நல்ல நாள் வரும்போது செப்டெம்பர் நடுப்பகுதி ஆகிவிட்டது. ஆடிக் கதையை யார் தொடங்கினார்கள் என்று இப்போது ஆராய்ந்து பயனில்லை.

கட்டுபவர் நற்குணராசா. ஒப்பந்தம் எழுதிய சித்திரை மாதத்தில் இவர் அவரை "ஐசே" என்று கூப்பிட்டார், அவர் இவரை "பரமண்ணை" என்றார். கதவுப் பிடி ஒன்றுக்காக ஒரு பின்னேரம் முழுக்கப் பேரம் பேசினார்கள். நல்ல சண்டை. இரண்டு பேருக்கும் அது பிடித்திருந்தது.

எங்கள் மகள் ஆரணி கட்டட வரைபடங்களை அவர்களுடைய கந்தோருக்குக் கொண்டுபோய்க் கொடுத்து வாங்கி வந்தாள். நற்குணராசாவின் மகன் நிரோஜன்தான் அங்கே வரைபடங்களைப் பார்ப்பவன். வரைபடத்தில் அவ்வளவு திருத்தம் ஏன் வந்தது என்பது ஆவணியில்தான் எங்களுக்கு விளங்கியது. ஆரணிக்கும் நிரோஜனுக்கும் கலியாணம் தை மாதம், பெப்ரவரி இரண்டாம் திகதி.

கலியாணம் பேசிய நாளிலிருந்து இவரும் நற்குணராசாவும் ஒருவரையொருவர் "சம்பந்தி" என்கிறார்கள். பேரமும் நின்றுவிட்டது.

நவம்பர் 3, ஞாயிறு

மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்கு வைத்தோம். அடுப்பிலுள்ள மணிக்கூட்டை எப்படி மாற்றுவதென்று ஆரணிக்கு மட்டும்தான் தெரியும்.

பின்னேரம் நற்குணராசா வந்தார். வடையும் கோப்பியும் கொடுத்தேன். இரண்டு பேரும் முன்னறையில் இருந்து கதைத்ததை நான் வெங்காயம் உரித்துக்கொண்டு கேட்டேன்.

"குளிர் துவங்கப்போகுது, சம்பந்தி."

"ஓம். துவங்கத்தானே வேணும்."

"கல்லுக் கட்டேக்க மூடிக் கட்டவேணும். சாந்து உறைஞ்சால் பிழை."

"ஓமோம். மூடத்தான் வேணும்."

"ஹீற்றரும் வைக்கவேண்டி வரும்."

"வைக்கத்தானே வேணும். வைக்காமல்?"

பிறகு இருவரும் வடையைப் பற்றிப் பேசினார்கள். உளுந்து எந்தக் கடையில் வாங்குவது என்பதுவரை பேசினார்கள். சுவரை மூடுகிற தறப்பாள் யாருடையது, ஹீற்றர் யாருடையது, அதற்கு எரிக்கும் எரிவாயுவுக்கு யார் காசு கொடுப்பது என்று ஒரு சொல் வரவில்லை.

ஒப்பந்தத்தில் பனிக்காலப் பாதுகாப்பு என்று ஒரு வரி இருந்தது. பனிக்கு முன்னமே சுவர் எழும்பிவிடும் என்று சித்திரையில் அதற்குக் குறுக்கே கோடு போட்டுவிட்டோம். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டுதான் கோடு போட்டார்கள்.

சம்பந்தி போன பிறகு, "கேட்டிருக்கலாமே" என்றேன்.

"என்னெண்டு கேக்கிறது? செலவை நீங்கள் பாருங்கோ எண்டால், பெண்ணைக் குடுக்கிறவன் மாப்பிள்ளை வீட்டைச் சுரண்டுறான் எண்டு நினைப்பார்."

"அப்ப நாங்கள் தாறம் எண்டு சொல்லியிருக்கலாம்."

இவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "கலியாணத்துக்கு மூண்டு மாதம் கிடக்க, நான் மாப்பிள்ளையின்ர தகப்பனுக்கு மேலதிகமாக் காசு குடுத்தால் அதுக்கு என்ன பேர்? நீர் சொல்லும்."

அதற்குப் பேர் சீதனம். ஒரு சதம் சீதனம் கைமாறினாலும் நிச்சயதார்த்த மோதிரத்தைக் கழற்றி வைத்துவிடுவேன் என்று ஆரணி இரண்டு வீட்டாரையும் இருத்தி வைத்துச் சொல்லியிருக்கிறாள். சொன்னால் செய்கிற பிள்ளை. பல்கலைக்கழகத்தில் ஒரு பாடம் பிடிக்கவில்லை என்று பாதியில் எழும்பி வந்தவள்.

நவம்பர் 6, புதன்

மீன் ரோல் அறுபதுக்கு ஓடர். தகப்பன் இறந்த வீட்டுக்காரர். காசு வாங்க மனம் வரவில்லை, பாதி வாங்கினேன். குளிர் இல்லை.

நவம்பர் 10, ஞாயிறு

தவமணி தொலைபேசியில் எடுத்தாள். நற்குணராசாவின் மனைவி. என்னைவிட நாலைந்து வயது இளமை, "மங்கையக்கா" என்று கூப்பிடுவாள். கூறைச் சேலை இந்தியாவிலிருந்து வந்துவிட்டதாம், அரக்கு நிறம்.

கதையோடு கதையாக, வீட்டில் அவருக்கு நித்திரை குறைவு என்றாள். தறப்பாளைத் தானே வாங்கிப் போட்டுவிடலாம் என்று அவருக்கு எண்ணம். தவமணி விடவில்லையாம்.

"ஏன் தவமணி?"

"அக்கா, குறை நினைக்காதேங்கோ. நாளைக்கு ஊர்ச்சனம் என்ன கதைக்கும்? 'பெண் வீட்டார் கடை கட்டக் காசில்லாமல் மாப்பிள்ளை வீட்டார் கட்டிக் குடுத்தவை' எண்டு கதைக்கும். உங்களுக்குத்தான் அது மரியாதைக்கேடு."

அவள் சொன்னதும் சரி. ஆக, நாங்கள் கொடுத்தால் சீதனம், அவர்கள் கொடுத்தால் எங்களுக்குத் தலைகுனிவு. இரண்டு வீட்டிலும் காசு இருக்கிறது. சுவரைச் சுற்றி ஒரு துண்டுத் தறப்பாள் இல்லை.

"ஆடியில துவங்கியிருந்தால் இந்தக் கரைச்சல் வந்திராது" என்றாள் தவமணி. "நீங்கள்தானே அக்கா அண்டைக்குப் போனில சொன்னனீங்கள், ஆடியில மண்ணில கைவைக்கக்கூடாதெண்டு."

எனக்கு அது நினைவில்லை.

நவம்பர் 14, வியாழன்

பயந்தது நடந்தது. செவ்வாயும் புதனும் கிழக்குச் சுவரில் இடுப்பளவுக்குக் கல் வைத்திருந்தார்கள். இரவு உறைந்துவிட்டது.

கல் வைப்பவர் மனுவல் என்ற போர்த்துக்கேயர். நான் கொண்டுபோகும் கடைச் சாப்பாட்டைத் தினமும் சாப்பிட்டு "காரம் காணாது" என்று தமிழில் சொல்லப் பழகியவர். இன்று காலை சாப்பாடு கொண்டுபோனபோது அவர் என்னைக் கூப்பிட்டு, இரண்டு கல்லுக்கு நடுவில் விரலை வைத்து இழுத்தார். சாந்து சீனி மாதிரி உதிர்ந்தது. பிறகு மேல் கல்லை ஒரு கையால் தூக்கிக் காட்டினார். திரும்பவும் அதே இடத்தில் வைத்தார்.

நற்குணராசா வந்து பார்த்தார். கையுறையைப் போட்டுக்கொண்டு தானே கல்லைக் கழற்றி அடுக்கத் தொடங்கினார். நிரோஜனும் வந்து சேர்ந்தான். கடையில் ரொட்டி மா குழைத்துக்கொண்டிருந்த இவருக்கு நான்தான் போனில் சொன்னேன். வந்து, கோட்டைக் கழற்றிவிட்டு இவரும் கல் தூக்கினார். முதுகு நோகிறவர்.

"விடுங்கோ சம்பந்தி, உங்களுக்கேன்."

"இல்லை சம்பந்தி, நீங்கள் விடுங்கோ."

மத்தியானத்துக்குள் சுவர் இருந்த இடம் வெறுந்தரை ஆகிவிட்டது. மூடாமல் இனி ஒரு கல்லும் வைக்கமாட்டேன் என்று மனுவல் சொல்லிவிட்டார். அவருக்குத் தன் பேர் முக்கியம்.

நவம்பர் 17, ஞாயிறு

ஆரணிக்கு விஷயம் தெரிந்துவிட்டது. நிரோஜன் சொல்லியிருப்பான். வேலை செய்யும் மருந்துக்கடையிலிருந்து நேரே வந்து மேலங்கியைக்கூடக் கழற்றாமல் சமையலறையில் நின்றாள்.

"அப்பா, இது பிஸ்னஸ்தானே. ஹீற் ஆரின்ர பொறுப்பெண்டு ஒரு ஈமெயில் போட்டுக் கேளுங்கோ."

"சம்பந்திக்கு ஈமெயில் போடுறதோ? அந்தாள் என்ன கரண்ட் தாற ஹைட்ரோ கொம்பனியே?"

"அப்ப பாதிப் பாதி."

"பாதிச் சீதனமும் சீதனந்தானே பிள்ளை. நீ சொன்ன சட்டந்தான்."

வடைச்சட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு மெதுவாக, "என்னாலதான் கடை போகுது எண்டு சொல்லுறீங்களோ?" என்று கேட்டாள்.

இவர் பதறிவிட்டார். அப்படி ஒன்றுமில்லை என்று நாலுதரம் சொன்னார். ஆனால் ஆரணி விரல் மோதிரத்தைத் திருகிக்கொண்டே இருந்ததை நான் பார்த்தேன். கோபத்தில் கழற்றுகிற பிள்ளையைச் சமாதானப்படுத்தலாம். தன்னால் மற்றவர்களுக்குத் தொல்லை என்று கழற்றினால் திரும்பப் போடவைக்க ஏலாது. அதுதான் எனக்குப் பயம். கடைகூட இரண்டாவதுதான்.

நவம்பர் 19, செவ்வாய்

முதல் பனி. ஒரு விரற்கடைக்குத்தான். தரையில் மனுவல் அடுக்கி வைத்த கல் வெள்ளைத் தொப்பி போட்டுக்கொண்டு நிற்கிறது.

நவம்பர் 23, சனி

இன்றைக்கு நடந்ததை எழுதினால் பிறகு படிக்கும்போது சிரிப்பு வரும். இன்றைக்கே வந்தது, ஆனால் சிரிக்க முடியவில்லை.

இவர் எனக்குச் சொல்லாமல் தறப்பாளும் ஹீற்றரும் வாடகைக்குக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார். நற்குணராசாவும் தவமணிக்குச் சொல்லாமல் அப்படியே செய்திருக்கிறார். இரண்டு லொறியும் அடுத்தடுத்து வந்து வாசலில் நின்றன. நானும் அந்த நேரம் மதியச் சாப்பாட்டோடு போய்ச் சேர்ந்தேன்.

"இதென்ன சம்பந்தி, நீங்கள் செய்யக்கூடாது. திருப்பி அனுப்புங்கோ" என்றார் இவர்.

"நீங்கள் அனுப்பினால் நானும் அனுப்புறன்."

"முதல் நீங்கள்."

"வயதுக்கு மூத்தவர் நீங்கள் சொன்னால் சரி."

இரண்டு லொறியும் திரும்பிப் போயின. திரும்பிப் போனதற்கும் வாடகை உண்டாம். மனுவல் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தபடி நிரோஜனிடம் ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார். என்னவென்று கேட்டேன்.

"எங்கட ஊரில சம்பந்திமார் சண்டை பிடிச்சுத்தான் வீடு கெடும், இஞ்ச மரியாதையால கெடப்போகுது எண்டுறார், மாமி" என்றான் நிரோஜன்.

அவன் முகத்தில் சிரிப்பு இல்லை. ஆரணி இரண்டு நாளாகத் தன்னுடன் சரியாகக் கதைக்கவில்லை என்றும் சொன்னான். சாப்பாட்டில் ஒரு பெட்டியை அவனுக்குக் கொடுத்தேன். சாப்பிடாமல் வைத்துக்கொண்டு நின்றான்.

நவம்பர் 24, ஞாயிறு

காலையில் இடியப்பம் பிழியும்போது வேறு ஒரு விஷயம் யோசித்தேன். கலியாணத்துக்குக் கன்னிக்கால் ஊன்ற வேண்டும். ஊரில் என்றால் பெண் வீட்டு முற்றத்தில் பந்தல் போட்டு, ஈசான மூலையில் முள்முருக்கங் கிளை நட்டுவிடுவோம். இங்கே கலியாணம் மண்டபத்தில். எங்கள் வீட்டு முற்றமோ தார் போட்டது, மற்றப் பக்கம் மண் இறுகிக்கொண்டு வருகிறது.

தவமணியிடம் கேட்டால் தெரியும். அவளுக்குச் சம்பிரதாயம் எல்லாம் தலைகீழ்ப் பாடம்.

நவம்பர் 25, திங்கள்

தவமணியுடன் கதைத்தேன். வெறும் சந்தேகம் கேட்கத்தான் எடுத்தேன்.

"தவமணி, ஊரில பந்தல் ஆர் போடுறது?"

"இதென்ன அக்கா கேள்வி. பெண் வீட்டார்தானே."

"அதைச் சீதனம் எண்டு ஆரும் சொல்லுறவையோ?"

"பந்தலையோ? அது உங்கட உரிமையெல்லோ. மாப்பிள்ளை வீட்டான் பந்தலில கைவைச்சால்தான் அவமானம்."

"சரிதான். எனக்கு எங்க போடுறதெண்டுதான் விளங்கேல்லை. முற்றமெல்லாம் தார். கராஜுக்குள்ள கால் ஊன்றேலாது. எங்கட எண்டு மண் இருக்கிறது அந்தக் கடைக் காணியில மட்டுந்தான். அங்க வடகிழக்கு மூலையில குழாய்க்கு விட்ட குழி ஒண்டு மூடாமல் கிடக்கு. ஆனால் அங்க கூரையுமில்லை, சுவருமில்லை."

பின்னால் அவள் வீட்டு நீர்க்குழாய் ஓடுகிற சத்தம் கேட்டது. பிறகு குழாயை மூடினாள்.

"அக்கா, அங்க பந்தல் போட்டால் என்ன?"

"அந்தப் பெரிய இடத்திலயோ?"

"முழு இடத்துக்கும் போடுங்கோ. சுத்திவர அடைச்சுப் போடுங்கோ. கடைக்கும் பெண்ணுக்கும் ஒரே பந்தல். உள்ளுக்குள்ள இவையள் கல்லைக் கட்டினால் கட்டட்டும். பந்தலுக்குள்ள ஆர் என்ன வேலை செய்தால் எங்களுக்கென்ன?"

நல்ல யோசனை என்றேன். முழுக்க முழுக்கத் தவமணியின் யோசனை.

"அப்ப நெருப்பு எங்கட" என்றாள் அவள் உடனே.

"ஏன்?"

"பொன்னுருக்கிறது மாப்பிள்ளை வீட்டிலதானே. தாலிக்குப் பொன் உருக்கிற நெருப்பு எங்கட நெருப்பு. உங்கட பந்தலுக்கு வெளிச்சமும் சூடும் நாங்கள் தராமல் ஆர் தாறது?"

இப்படி ஒரு சம்பிரதாயம் இருப்பது எனக்குத் தெரியாது. இருக்கும். நான் மறுக்கவில்லை.

மார்கழி பிறப்பதற்கு முன் கால் ஊன்றிவிட வேண்டும் என்றும், கோவில் ஐயரைத் தானே கேட்பதாகவும் சொன்னாள். மார்கழி முழுக்கக் கால் நிற்கலாமா என்று கேட்டேன். "இந்தக் குளிர்நாட்டில ஐயர் அதெல்லாம் விடுவார்" என்றாள்.

நவம்பர் 27, புதன்

ஐயர் விட்டார்.

நவம்பர் 30, சனி

இரண்டு குடும்பமும் எங்கள் வீட்டில் சாப்பாடு. பனங்கிழங்கு மாவில், நண்டு போட்டு, ஒடியல் கூழ் வைத்தேன். நற்குணராசா மூன்று கிண்ணம் குடித்தார், இரண்டு கிழமையாகச் சரியாகச் சாப்பிடவில்லை என்பது அதில் தெரிந்தது.

இவர் தொண்டையைச் செருமினார். "சம்பந்தி, ஒரு விஷயம் முறையாச் சொல்லவேணும். பெண்ணுக்குப் பந்தல் போடுறது எங்கட உரிமை. அந்தக் காணியிலதான் போடப்போறம். பெருசாத்தான் போடுவம். நீங்கள் குறுக்க நிக்கக்கூடாது."

"நான் ஏன் நிக்கிறன்?" என்றார் நற்குணராசா. "ஆனால் நெருப்பில நீங்கள் கைவைக்கக்கூடாது."

"வைக்கமாட்டன்."

"எத்தினை ஹீற்றர் எண்டு கேக்கவும் கூடாது."

"கேக்கமாட்டன். ஆனால் தறப்பாள் புதுசு. பழசு வாடகைக்கு எடுக்கமாட்டன்."

"அது உங்கட இஷ்டம். என்ர எரிவாயுவும் குறையாது."

இரண்டு பேருக்கும் முகம் மலர்ந்துவிட்டது. சித்திரையில் கதவுப் பிடிக்குப் பேரம் பேசிய அதே முகம். இந்த முறை ஏலம் மேலே ஏறியது, அவ்வளவுதான்.

ஆரணி கரண்டியை வைத்தாள். "ஒரு நிமிஷம். அம்மா, இது சீதனமோ இல்லையோ?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஏன் என்னை என்று விளங்கவில்லை.

"உன்ர கலியாணத்துக்குப் பந்தல் வேண்டாமோ?" என்றேன்.

"வேணும்."

"மாமாவின்ர கையில ஒரு சதம் போகுதோ?"

"இல்லை."

"அப்ப கூழைக் குடி."

அவள் நிரோஜனைப் பார்த்தாள். அவன் கூழுக்குள் நண்டுக்கால் தேடுவதுபோலக் குனிந்திருந்தான், தோள் குலுங்கியது. ஆரணியும் சிரித்துவிட்டாள். "அம்மா, நீங்கள் ரோல் சுத்தாமல் லோயராப் போயிருக்கவேணும்" என்றாள். பாத்திரம் கழுவும்போது அவள் மோதிரத்தைக் கழற்றிச் சவர்க்காரப் போத்தலுக்குப் பக்கத்தில் வைத்ததைப் பார்த்து நான் துடைத்த கிண்ணத்தையே திரும்பத் துடைத்தேன். கழுவி முடித்ததும் போட்டுக்கொண்டாள்.

டிசெம்பர் 4, புதன்

சாரம் கட்டி நாலு பக்கமும் தறப்பாள் வந்துவிட்டது. புதுத் தறப்பாள், வெள்ளை. வெளிச்சம் உள்ளே வருகிறது. சம்பந்தி கொண்டுவந்த ஹீற்றர்களைப் பார்த்து மனுவல் இது போர்த்துக்கல்லின் ஆகஸ்ட் மாதம் என்றார். மேலங்கியைக் கழற்றிவிட்டு வேலை செய்கிறார்.

டிசெம்பர் 8, ஞாயிறு

கன்னிக்கால் ஊன்றினோம்.

முள்முருக்குக்கு எங்கே போவது? ஓடைக்கரையில் நின்ற வில்லோ மரத்தில் ஒரு நேரான கிளையை நிரோஜன் வெட்டிவந்தான். காய்ந்த தடி மாதிரி இருந்தது. மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, பட்டுத்துணி கட்டி, வடகிழக்கு மூலைக் குழியில் நவதானியம் போட்டு நட்டோம். ஐயர் கொட்டாவி விடாமல் மந்திரம் சொன்னார், சூடு நல்லாயிருக்கு என்றார். தவமணி தண்ணீர் ஊற்றினாள், நான் ஊற்றினேன். மனுவலும் தொப்பியைக் கழற்றிவிட்டு, பக்கத்தில் சாந்துக்கு வைத்திருந்த வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு கோப்பை ஊற்றினார்.

மாவிலைத் தோரணத்தைச் சாரத்தில் கட்டினோம். பந்தலுக்குள் சுவர் நெஞ்சளவுக்கு எழும்பியிருக்கிறது.

டிசெம்பர் 12, வியாழன்

நகரசபையிலிருந்து கட்டடம் பார்ப்பவர் வந்தார். பெண் பிள்ளை, சின்ன வயது. சுவரைத் தட்டிப் பார்த்தாள், வெப்பமானியைப் பார்த்தாள், எல்லாம் சரி என்றாள். பிறகு பட்டுத்துணி கட்டிய தடியைப் பார்த்து இது என்ன என்று கேட்டாள். கலியாணம் என்றார் நற்குணராசா. யாருடைய என்று கேட்டாள். இவரும் நற்குணராசாவும் ஒரே நேரத்தில் "எங்கட" என்றார்கள், தமிழில். அவள் இருவருக்கும் கை கொடுத்து வாழ்த்திவிட்டுப் போனாள். வீட்டுக்கு வந்த பிறகுதான் நிரோஜன் கேட்டான், அவள் என்ன விளங்கிக்கொண்டு போயிருப்பாள் என்று.

டிசெம்பர் 20, வெள்ளி

சுவர் முடிந்தது. மனுவல் கடைசிக் கல்லை வைக்கும்போது இவரைக் கூப்பிட்டுக் கரண்டியைக் கொடுத்தார். இவர் பூசியது கோணலாக வந்தது, மனுவல் அதைத் திருத்தவில்லை.

டிசெம்பர் 22, ஞாயிறு

சந்தோஷம் இரண்டு நாள்தான். கூரைக்கு இரும்புச் சட்டங்கள் வருகின்றன. பாரந்தூக்கி உள்ளே கொண்டுவர, மேல் தறப்பாளையும் வடக்குப் பக்கத்தையும் கழற்ற வேண்டும் என்று இரவுச் சாப்பாட்டின்போது நற்குணராசா சொன்னார். தவமணி எழும்பிவிட்டாள்.

"கால் ஊன்றின பந்தலைக் கலியாணத்துக்கு முதல் பிரிக்கிறதோ? ஆரும் கேள்விப்பட்டதுண்டோ?"

"பிரிக்காட்டில் கூரை எப்பிடி வாறது?"

"அது எனக்குத் தெரியாது. என்ர பிள்ளையின்ர கலியாணம்."

கூரை ஜனவரிக்குள் வராவிட்டால் கடை பெப்ரவரியில் தெருவில். பந்தல் பிரித்தால் தவமணிக்கு வாழ்நாள் முழுக்க மனக்குறை. ஆரணிக்குச் சின்னத் தலையிடி வந்தாலும் இதுதான் காரணம் என்பாள். நான் இதை முன்கூட்டி யோசிக்கவில்லை. யோசித்திருக்க வேண்டியவள் தவமணி, யோசனை அவளுடையது.

சாப்பாடு ஒருவருக்கும் இறங்கவில்லை.

டிசெம்பர் 23, திங்கள்

விடிய இவர் எழும்பிக் கோப்பி போட்டுக்கொண்டு வந்து கட்டிலில் இருந்தார். ஐந்தாறு வருடத்துக்கு ஒருமுறைதான் இது நடக்கும்.

"இஞ்சாரும், பந்தல் எண்டால் என்ன?"

"என்ன கேள்வி இது?"

"கால் நிக்கிற இடம். காலுக்கு மேல ஒரு மறைப்பு. அவ்வளவுதானே? அந்த மூலையை மட்டும் விட்டிட்டு மிச்சத்தைக் கழட்டுவம். கூரை வந்தவுடனே அந்தக் கூரைதான் பந்தல். தறப்பாளைவிட நல்ல பந்தலெல்லோ அது."

இவர் இப்படி யோசிப்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. எனக்கு முந்தித் தோன்றவில்லை என்பதையும் எழுதி வைக்கிறேன். தவமணியிடம் இவரே கதைக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அவள் ஐயரைக் கேட்டாள். ஐயர் "கால் அசையாட்டில் சரி" என்றாராம்.

டிசெம்பர் 28, சனி

மூலையில் தறப்பாளால் ஒரு சின்ன அறை. உள்ளே தடி, ஒரு ஹீற்றர். வெளியே பனியில் பாரந்தூக்கி சட்டங்களை இறக்குகிறது. ஒவ்வொரு சட்டமும் மூலைக்குக் கிட்ட வரும்போது நற்குணராசா கையை நீட்டி மறித்துக்கொண்டு நின்றார், குழந்தை நித்திரை கொள்கிற அறை வாசலில் நிற்பதுபோல.

ஜனவரி 9, வியாழன்

கூரை முடிந்தது. யன்னல் கண்ணாடியும் வந்துவிட்டது. கட்டடத்துக்குச் சொந்தச் சூடு வந்துவிட்டது, சம்பந்தியின் ஹீற்றர்கள் திரும்பிப் போயின. மனுவல் என்னை மூலைக்குக் கூப்பிட்டார். பட்டுத்துணிக்கு மேலே, தடியில், எள்ளளவு பச்சை. நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். துளிர்தான். தினமும் காலையில் அவர்தான் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்.

தவமணிக்குப் படம் எடுத்து அனுப்பினேன். அழுதுகொண்டு போன் எடுத்தாள்.

ஜனவரி 14, செவ்வாய்

புதுக்கடை அடுப்பில் பொங்கினோம். பால் கிழக்குப் பக்கம் வழிந்தது. அடுப்பு கொஞ்சம் சரிவு என்று நற்குணராசா சொன்னார், நாளைக்குச் சரிப்படுத்துவாராம். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

ஜனவரி 29, புதன்

பழைய கடையைப் பூட்டித் திறப்பைக் கொடுத்துவிட்டோம். பல் வைத்தியர் வந்து சுவரை முகர்ந்து பார்த்தார். கறி வாசம் போக எவ்வளவு நாள் செல்லும் என்று கேட்டார். இவர், போகாது என்றார்.

பெப்ரவரி 2, ஞாயிறு

கலியாணம் நடந்தது. கால் நோகிறது. நாளைக்கு எழுதுகிறேன்.

பெப்ரவரி 5, புதன்

நாலாம் நாள். கன்னிக்காலை எடுக்க வேண்டும். கடையைப் பூட்டிவிட்டு எல்லோரும் மூலையில் நின்றோம். வில்லோவில் ஒரு சாண் நீளத்துக்கு இலை. வெளியே முழங்காலளவு பனி. மனுவல் மெதுவாகத் தோண்டி எடுத்தார், அடியில் வெள்ளை வேர். கோடை வரும்வரை இதை வீட்டுக்குள் சூட்டில் வைத்துப் பார்க்க வேண்டும் என்றார்.

"சம்பந்தி வீட்டிலதான் வைக்கவேணும். நெருப்பு உங்கட" என்றார் இவர்.

"இல்லை சம்பந்தி, பந்தல் உங்கட. உங்கட வீட்டிலதான்."

"அதெப்பிடி, முறையெண்டு ஒண்டு இருக்கு."

"அந்த முறையைத்தான் நானும் சொல்லுறன்."

மனுவல் செடியைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவரை மாறி ஒருவரைப் பார்த்தார். தவமணி என்னைப் பார்த்தாள். நான் இப்படியான விஷயங்களில் தலையிடுவதில்லை. பேசாமல் போய்த் தேத்தண்ணி ஊற்றினேன்.

ஆரணியும் நிரோஜனும் தங்கள் புது வீட்டுக்குப் போகக் காரைத் திறந்தார்கள். பின் இருக்கையில் பெரிய பூச்சாடி ஒன்று, அடியில் கூழாங்கல் போட்டு, அரைவாசிக்கு மண் நிரப்பியபடி, இருக்கைப் பட்டி போட்டுக் கட்டி இருந்தது. யார் வைத்தது என்று ஆரணி கேட்டாள்.

ஒருவருக்கும் தெரியவில்லை. மனுவல் செடியை அதில் நட்டார்.